மீராமுகைதீனின் ஒரு மிடறு தண்ணீர்

என் மருமகன் மீராமுகைதீன் போன் எடுத்தால் எங்கள் சொந்தக்காரர்கள் ஸலாமுக்குப் பதில் சொல்லுவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஆரு மவுத்து?" என்றுதான் கேட்பார்கள்.

அவருடைய தொழில் அப்படி. ஓட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாகக் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் தெருத் தெருவாக அறிவித்தல் சொல்லுகிறார். தண்ணீர் வெட்டு, கரண்ட் வெட்டு, காணாமல் போன ஆடு, புடவைக் கடையின் மலிவு விற்பனை, எல்லாமும்தான் சொல்லுவார். ஆனால் ஆட்டையும் புடவையையும் ஊர் அன்றைக்கே மறந்துவிடும். சாவு சொல்லுகிற ஜனாஸா அறிவித்தலை மறக்குமா? ஊரின் காதில் அவர் குரல் என்றால் மவுத்துச் செய்தி, அவ்வளவுதான்.

அவருடைய மூத்த மகளுக்குப் பிள்ளை கிடைத்த அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். சந்தோசத்தில் நிந்தவூரில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கு அவரே போன் எடுத்தார். "அஸ்ஸலாமு அலைக்கும், மீராமுகைதீன் கதைக்கிறன்" என்றுதான் சொன்னார். அதற்குள் அந்தப் பக்கம் ஒப்பாரி தொடங்கிவிட்டது. பிள்ளை பிறந்த செய்தியை அவர் சொல்லி முடிக்கும்போது போனைக் காதில் வைத்திருக்க அங்கே ஆள் இல்லை. அரை மணித்தியாலத்தில் ஒரு வேன் நிறைய ஆட்கள் அழுது வீங்கிய முகத்தோடு வந்து இறங்கினார்கள். அந்த முகத்தோடுதான் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அதற்குப் பிறகு நல்ல செய்தி சொல்லுவதென்றால் என் மகள் ஜுனைதாதான் போன் எடுப்பாள்.

வீட்டுக்குள் அவர் வேறு ஆள். எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த நாள் தொட்டு எங்களோடுதான் இருக்கிறார். ஆகவே எனக்குத் தெரியும். காலையில் ஓட்டோ எஞ்சின் பத்தவில்லை என்றால் அவரே ஓட்டோவாகிப் பேசுவார். "காக்கா, எனக்கும் முழங்கால் நோவு இரிக்கு, கொஞ்சம் பொறுங்களன்" என்று அண்ணன் முறை வைத்து, கரகரத்த கிழட்டுக் குரலில் ஓட்டோ கெஞ்சும். முருங்கை மரத்துக் காகம் ஜுனைதாவின் மீன் ஆணத்தில் உப்புப் போதாது என்று குறை சொல்லும். முடியப்போகிற காஸ் சிலிண்டர், "என்னை மன்னிச்சிக்கங்க ராத்தா, நான் போறன்" என்று இழுத்து இழுத்து மூச்சு விடும். நானும் மகளும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்போம். கதவுக்கு வெளியே அந்தப் பகிடியைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கடையில் அவர் வாயைத் திறந்தால் ஆட்கள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள். அவருக்கு எப்படிப் பகிடி வரும்?

ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சொன்னார்.

"மாமி, நான் வாயத் திறந்து ஒரு கூட்டம் சிரிச்சதை நான் காணயில்ல. ஒருக்கா பாக்கணும். ஒருக்கா போதும்."

"சோறு ஆறுது, தின்னுங்க மருமகன்" என்றேன். வேறு என்ன சொல்ல? ஆனால் அந்தப் பேச்சு மீன்முள் மாதிரி எனக்குள் நின்றுவிட்டது.

அந்த வருடம்தான் ஸுஹைறா வந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை, கொம்பியூட்டரில் படம் கீறப் படித்தவள். அவளும் பாண்டிருப்புக் கிசோக்கும் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு கார்ட்டூன் படம் செய்துகொண்டிருந்தார்கள். அவள் படத்துக்குப் பொறுப்பு, அவன் சத்தத்துக்குப் பொறுப்பு. வயல் பக்கத்தில் இருக்கிற ஓர் எருமைக் குடும்பம். தகப்பன் எருமைக்குக் கப்பல் என்று பெயர். பெயர்தான் கப்பல், தண்ணீரைக் கண்டால் பயம்! எருமை ஒன்று தண்ணீருக்குப் பயந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக் கலியாணம். மனைவியும் மூன்று கன்றுகளும் நீந்தப் புறப்பட, இவர் ஆயிரம் சாட்டுச் சொல்லிக்கொண்டு கரையிலேயே நிற்பார். சின்னவர் பெரியவர் எல்லோரும் குடும்பமாக இருந்து பார்த்துச் சிரிக்கிற படம். அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில்.

குரல் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்று அறிவிக்க ஸுஹைறா மருமகனைத்தான் பிடித்தாள். பகல் முழுக்க அவர் தெருத் தெருவாகச் சொன்னார். பின்னேரம் ஓட்டோவை அவர்களுடைய வாசலில் நிறுத்திவிட்டு, வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாகத் தானும் போய் நின்றார்.

அவரைக் கண்டதும் ஸுஹைறாவின் முகம் வெளுத்துவிட்டதாம்.

"என்ன காக்கா, ஆரு?"

"நான்தான் புள்ள."

"அல்லாஹ்! உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்டுமில்ல. குரல் குடுக்க வந்திரிக்கன்."

அவள் கிசோக்கைப் பார்த்தாள். கிசோக் கூரையைப் பார்த்தான். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டோவின் முழங்கால் நோவைத் தொடங்கினார். ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்துக்கு வரிசையில் நிற்கிற கட்டம் வந்தபோது கிசோக் கதிரையிலிருந்து சரிந்துவிட்டான் என்று கேள்வி. கப்பலின் குரல் என் மருமகனுக்குக் கிடைத்தது.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "மவுத்துச் சொல்லுகள் ஒண்டும் என்ட வாயில பகிடிக்கு வரப்படாது. அது ஆக்கள்ற கண்ணீர்." ஸுஹைறாவும் ஓம் என்றாள்.

சத்தம் பிடிக்கிற அறையின் சுவரில் வெளிச் சத்தம் வராமல் மெத்தை சாத்தவேண்டுமாம். கடனுக்கு என்று என்னுடைய இரண்டு பஞ்சு மெத்தைகளை எடுத்துப் போனார்கள். ஒரு கிழமையில் தருவதாகச் சொன்னார்கள். அதைப் பிறகு பேசுகிறேன். காற்றாடி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் மெத்தைகளுக்கு நடுவே நின்றுகொண்டு மருமகன் எருமையாக மாறுவார். அசை போடுகிற குரல் சரியாக வரவில்லை என்று ஜுனைதா கிண்டிய, பல்லில் ஒட்டுகிற தொதலை ஒரு பெரிய உருண்டையாக வாயில் போட்டுக்கொண்டு போனார். குரல் அருமையாக வந்தது. தாடைதான் திறக்கவில்லை. அன்றைக்கு வேறு ஒன்றும் பதிய முடியவில்லை. வீட்டுக்கு வந்து கையால் சைகை காட்டித்தான் தேத்தண்ணி கேட்டார்.

படம் முடிந்ததும் வெளியே காட்டுவதற்கு முன்னர் ஊர் ஆட்களுக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்போம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில். யன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நூற்றைம்பது பேருக்குக் குறையாது. நானும் மகளும் மூன்றாவது வரிசை. எங்களுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு றாஹிலா. மருமகன் கதவோரம் நின்றார், சேர்ட்டின் மேல் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக.

படம் தொடங்கியது. கன்றுகள் சேற்றில் உருண்டன, பிள்ளைகள் சிரித்தார்கள். மனைவி எருமை வாய்க்கால் கரையில் நின்று ஏசினாள், பெண்கள் சிரித்தார்கள். பிறகு கப்பல் வந்தார். கழுத்து மணி தொலைந்துவிட்டது, அது கிடைக்கும் வரைக்கும் தண்ணீரில் இறங்க ஏலாது என்று ஊருக்கு அறிவிக்கப் போகிறார். புனலை வாயில் வைத்தார்.

"அறிவித்தல் அறிவித்தல்..."

இருட்டுக்குள் அந்தக் குரல் வந்ததும் எங்கள் வரிசையிலிருந்து ஒரு வாய், மவுத்துச் செய்தி கேட்டால் சொல்லுகிறதை, உரத்த குரலில் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சொல்லிவிட்டது.

றாஹிலா சொன்னாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். மண்டபம் முழுக்கச் சொன்னது. "எந்தத் தெருவாம்?" என்று ஒருவர் கேட்டார். "எத்தின மணிக்கு எடுக்கிறாங்களாம்?" என்று இன்னொருவர். ஒரு வயதானவர் எழும்பி இருட்டில் செருப்பைத் தேடத் தொடங்கினார். திரையில் எருமை தன்பாட்டில் மணியின் நிறம் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கப்பல் வாய் திறந்த நேரமெல்லாம் சனம் தலையைக் குனிந்துகொண்டது. படம் முடிந்து போகும்போது இரண்டு பேர் மருமகனுக்குக் கை கொடுத்து, "பொறுமையா இருங்க" என்றார்கள்.

எந்த வாய் முதலில் சொன்னது என்று ஜுனைதா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். றாஹிலாதான் என்றேன். றாஹிலா இல்லை. இன்றைக்குச் சொல்லுகிறேன், அந்த வாய் என்னுடையதுதான். ஆனாலும் அது நான் சொன்னதில்லை, முப்பது வருடப் பழக்கம் சொன்னது.

இரண்டு நாள் கழித்துக் கிசோக் வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் இருந்துகொண்டு தரையைப் பார்த்துப் பேசினான்.

"காக்கா, ஸுஹைறா சொல்லுறா... கொழும்பில ரேடியோவில கதைக்கிற ஒருத்தர் இரிக்கிறாராம். அடுத்த கிழமை முடிவில வருவார். கப்பலை அவர்ட குரலில மாத்துவம் எண்டு."

"நல்லம் தம்பி. படம் நல்லா வரணும்" என்றார் மருமகன். எந்தப் பகிடிக் குரலும் இல்லாமல் சொன்னார். முருங்கையில் காகம் கத்தியது. அதற்குக் குரல் கொடுக்க ஆள் இல்லை.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிற அபூசாலி ஹாஜியார் வபாத்தாகிவிட்டார், மகள்மார் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், அறிவிக்கவேண்டும். மருமகன் சேர்ட்டை மாட்டினார். போத்தலில் தண்ணீர் நிரப்பினார். கிசோக்கைப் பார்த்து, "பிரதான வீதியிலதான் போறன், ஏறுங்க, இறக்கி விடுறன்" என்றார்.

அவன் பின்னால் ஏறினான். அங்கே கண்டதை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

மருமகன் ஒவ்வொரு சந்தியிலும் ஓட்டோவை நிறுத்தினார். "அறிவித்தல்... அறிவித்தல்..." என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. போத்தலைத் திறந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அந்த ஒரு மிடறுக்குள் தையல் மெஷின் நின்றது. தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. யாரோ குழாயைப் பூட்டினார்கள். மீன் வெட்டுகிறவன் கத்தியைத் தூக்கியபடியே நின்றான். முழுத் தெருவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயருக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகுதான் பெயரைச் சொன்னார். பெயரைக் கேட்ட பிறகுதான் சனம் "இன்னாலில்லாஹி" சொன்னது.

"காக்கா, அந்த இடத்தில ஏன் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டானாம் கிசோக்.

"சனம் கையில இருக்கிற வேலைய வைக்கணுமே தம்பி. பேரை அவசரமாச் சொன்னா ஆருக்கும் விளங்காது. ஆடு தொலைஞ்சாலும் அப்பிடித்தான், ஹாஜியார் மவுத்தானாலும் அப்பிடித்தான். முப்பது வருசமா ஒரே மிடறு."

"மெத்தை அறையிலயும் குடிச்சீங்களா?"

"ஓம். உங்களுக்குத் தெரியாதா?"

கிசோக் தலையில் அடித்துக்கொண்டான். படம் ஓடவேண்டும் என்று அவன்தான் அந்த இடத்தை வெட்டியிருக்கிறான். மடக் என்ற சத்தமும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த சும்மா நேரமும் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டான். மிடறு இல்லாத குரலைக் கேட்டால் சனம் காத்திருக்குமா? காத்திருக்க இடம் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

எறிந்தது கொம்பியூட்டருக்குள் இன்னும் கிடந்தது. கிசோக் அன்று பின்னேரமே எடுத்து ஒட்டிவிட்டு ஸுஹைறாவோடு சண்டைக்குப் போனான். அவள் இலேசில் மசியவில்லை. கடைசியில், கொழும்புக்காரர் வருவதற்கு முன்னால், அடுத்த வெள்ளி அதே மண்டபத்தில் அதே ஆட்களுக்கு இன்னொரு தரம் போடுவது என்று முடிவானது. அந்த மிடறுக்கு ஒரு படத்தையும் அவளே கீறிச் சேர்த்தாள். ஒரு "இன்னாலில்லாஹி" வந்தாலும் குரல் மாறும்.

வியாழக்கிழமை ஸுஹைறா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னிடம்தான்.

"மாமி, நாளைக்கு நீங்க வீட்டில இருந்தா நல்லம்."

"ஏன்? எனக்கு என்ன வருத்தமா?"

"இல்ல மாமி... போன முறை முதல்ல சொன்னது..."

"றாஹிலா."

"நாங்க மண்டபத்துச் சத்தத்தையும் பதிஞ்ச மாமி. கிசோக் போட்டுக் கேட்ட."

இந்தக் காலத்தில் மனிசர் ஒரு பொய் சொல்லிக்கூட இருக்க ஏலாது. "நான் வருவன்" என்றேன். "என்ட மருமகன்ற குரல், என்ட மெத்தை. நான் வராம ஆரு வாற?"

"வாய்?"

"வாய்க்கு நான் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை புறப்படும்போது ஜுனைதாவின் தொதலில் கோழிமுட்டை அளவு ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மண்டபத்தில் விளக்கு அணைந்ததும் அதை அப்படியே வாய்க்குள் வைத்து அடைத்தேன். ஸுஹைறா எங்கள் வரிசையின் கடைசித் தொங்கலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரையைப் பார்க்கவில்லை. மருமகன் கதவோரம் நிற்கவில்லை. வெளியே, ஓட்டோவுக்குள் இருந்தார். உள்ளே வரச் சொல்லி ஜுனைதா இரண்டு தரம் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

கன்றுகள் உருண்டன. மனைவி ஏசினாள். கப்பல் புனலைத் தூக்கினார்.

"அறிவித்தல்... அறிவித்தல்..."

மண்டபம் விறைத்தது. பின்னால் றாஹிலா மூச்சை இழுப்பது கேட்டது. ஒரு பிள்ளையின் கையிலிருந்த கடலைப் பேப்பரின் சரசரப்பும் நின்றது. எல்லோரும் பெயருக்காகக் காத்திருந்தோம். என் நாக்கு தொதலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது.

"மடக்."

தண்ணீருக்குப் பயந்த எருமை, வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிறது! எங்கோ ஒரு பெண் களுக் என்றாள்.

"கப்பல் ஆகிய என்னுடைய... கழுத்து மணியைக் காணவில்லை."

அவ்வளவுதான். பிடித்துவைத்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. நூற்றைம்பது பேரின் சிரிப்பு. போன முறை செருப்புத் தேடிய வயதானவர் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். றாஹிலா என் முதுகில் குத்திக் குத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் வழியில்லை, தொதல். கண்ணால் தண்ணீர் ஓடியது. "மணி நிறம் பித்தளை, சத்தம் கிணிங், கண்டவர்கள் தண்ணீர் இல்லாத பாதையால் கொண்டுவந்து தரவும்" என்று கப்பல் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. வெளிச்சக் கீற்றில் என் மருமகனின் தலை தெரிந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. சிரிக்கிற ஆட்களைத்தான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார், சந்தியில் நின்று தெருவைப் பார்ப்பதுபோல. மேல் பொத்தான் திறந்தே கிடந்தது.

கடைசியில் பெயர்கள் ஓடின. எனக்கு எழுத்துத் தெரியாது, அவருடைய பெயர் வரும்போது இடிக்கச் சொல்லி ஜுனைதாவிடம் சொல்லியிருந்தேன். இடித்தாள், கையில் இரத்தம் கட்டுகிற மாதிரி. கொழும்புக்காரர் வரவில்லை.

இனிமேல் மவுத்துச் சொல்லப் போனால் சனம் சிரிக்குமோ என்று அவருக்கு ஒரு பயம் வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஜனாஸா. போனார், நிறுத்தினார், இரண்டு தரம் சொன்னார், தண்ணீர் குடித்தார். தையல் மெஷின் நின்றது, குழாய் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சனத்துக்கு எது எது என்று தெரியும். திரும்பி வருகிற வழியில் மீன் கடையில் நின்றபோதுதான் மீன் வெட்டுகிறவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு, "என்ன கப்பல், மணி கிடைச்சா?" என்று கேட்டானாம். கடை முழுக்கச் சிரித்ததாம். அதைச் சொல்லச் சொல்ல அவருக்கு வாய் மூடவில்லை.

இப்போது எனக்கும் அவரே போன் எடுக்கிறார். நேற்றும் எடுத்தார்.

"மாமி..."

அதோடு நிறுத்திவிட்டார். நான் சுவரைப் பிடித்தேன். எத்தனை தரம் ஆனாலும் சுவரைப் பிடித்தால்தான் எனக்குச் சரி.

"மடக்" என்று கேட்டது. "ஒலுவில் துறைமுகத்துச் சூரை மீன் நல்லதா இரிக்கு. அதை வாங்கவா, கீரி மீன் வாங்கவா?"

"மீன் கிடக்கட்டும் மருமகன்" என்றேன். "ஸுஹைறாக்கிட்டப் போய் என்ட ரெண்டு மெத்தையையும் வாங்கிட்டு வாங்க."